பல்லுக்கு மட்டும் காசு: என்.எச்.எஸ் பல் சிகிச்சைக் கட்டணத்தோடு எங்கள் வீட்டு அனுபவம்

இங்கிலாந்துக்கு வந்து எத்தனை வருசம் போனாலும் எங்கள் ஆட்கள் பலருக்கு ஒரு விசயம் பிடிபடுவதில்லை. என்.எச்.எஸ் என்கிற அரசாங்கச் சுகாதார சேவையில், ஜீ.பீ என்கிற குடும்ப டொக்டரிடம் போனால் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் கிழமைக்கணக்காகப் படுத்தாலும் காசு இல்லை. ஒரு சூத்தைப் பல்லை அடைக்கப் போனால் மட்டும் ரிசெப்ஷனில் கார்ட் மெஷினை நீட்டுகிறார்கள். "இதுவும் என்.எச்.எஸ் தானே?" என்று மாமி என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறா. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, ஒரு சதமும் கொடுக்காமல் பல்லுப் பிடுங்கிக்கொண்டு வந்த மனுசி அவ. கேட்கத்தானே செய்வா.

1948 ஜூலை 5ஆம் திகதி என்.எச்.எஸ் தொடங்கியபோது பல்லும் இலவசம்தான். சனம் அள்ளுப்பட்டு வந்தது. செலவு கையை மீறியது. 1951இல் நிதி அமைச்சராக இருந்த ஹியூ கேட்ஸ்கெல் கட்டுப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் நோயாளி ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் கொண்டுவந்தார். என்.எச்.எஸ்ஸை உருவாக்கிய அனியூரின் பெவன் அதைப் பொறுக்கமாட்டாமல் அமைச்சர் பதவியையே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருசம் சாதாரணப் பல் சிகிச்சைக்கும் ஒரு பவுண் கட்டணம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அது போகவில்லை, கூடிக்கொண்டேதான் வருகிறது. இப்போதிருக்கிற மூன்று படி முறை 2006 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது 15.50, 42.40, 189 பவுண். 2025 ஏப்ரல் 1இல் அதே மூன்றும் 27.40, 75.30, 326.70 பவுண் ஆகின.

முதல் படி என்றால் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் பல் சுத்தம் செய்வது. இரண்டாவது படியில் அடைப்பது, வேர்ச் சிகிச்சை, பிடுங்குவது. மூன்றாவதில் கிரவுண் (பல்லுக்கு மேலே போடுகிற உறை), பிரிட்ஜ் (இல்லாத பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து நிரப்புவது), கட்டுப்பல். ஒரு படிக்குரிய காசைக் கொடுத்தால் அதற்குக் கீழே உள்ளதும் அதற்குள் அடங்கும். அடைக்க வேண்டியது ஒரு பல்லானாலும் ஐந்து பல்லானாலும், அதற்காக எத்தனை முறை போய் வந்தாலும், ஒரே சிகிச்சைத் திட்டமாக இருந்தால் ஒரே கட்டணம்தான். இதைத் தெரியாமல் எங்கள் சனம் கொடுத்த காசு கொஞ்சநஞ்சமில்லை.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மாமிக்கு வந்த ஒரு கடிதம்.

மாமிக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கீழ்வரிசையில் இரண்டு கொடுப்புப் பல் ஆடத் தொடங்கி, முரசு (ஈறு) கரைந்து, சோறு சப்பவே முடியாமல் போனது. பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் என்.எச்.எஸ் இடம் கிடைத்தது. மச்சான்தான் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ரிசெப்ஷனில் இருந்த பிள்ளை "பெனிபிட் ஏதும் எடுக்கிறாவா?" என்று கேட்டிருக்கிறது. மச்சான் மாமியின் பையிலிருந்து பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிப்பணம்) கடிதத்தை எடுத்துக் காட்டினார். அந்தப் பிள்ளை மேலோட்டமாகப் பார்த்து, "பென்ஷன் கிரெடிட் என்றால் கட்டத் தேவையில்லை" என்று சொல்லி, கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, படிவத்தில் இலவசம் என்ற பெட்டியில் அடையாளம் போட்டுக் கொடுத்தது. மாமி தமிழில் கையெழுத்து வைத்தா. இரண்டு பல்லுப் பிடுங்கி, அச்செடுத்து, கட்டுப்பல் செய்து போட்டார்கள். வேலை உண்மையிலேயே நல்ல வேலை. மாமி முறுக்குக் கடிக்கிற அளவுக்கு வந்துவிட்டா.

சில மாதம் கழித்துத்தான் என்.எச்.எஸ்ஸிலிருந்து அந்த வெள்ளைக் கவர் வந்தது. கட்ட வேண்டிய சிகிச்சைக் கட்டணம் 326.70 பவுண், அதற்கு மேலே தண்டம் 100 பவுண், மொத்தம் 426.70. இருபத்தெட்டு நாளுக்குள் கட்டாவிட்டால் இன்னும் 50 கூடும் என்றும் போட்டிருந்தது. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல மாமியின் முகம் கறுத்துப் போனது. "பிள்ளை, நான் ஏதும் களவு செய்தனானே? உவங்கள் போடச் சொன்ன இடத்திலதானே கையெழுத்து வைச்சனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அன்றிரவு அவ சாப்பிடவில்லை. ஐம்பது வருசமாக யாரிடமும் கடன்படாமல் வாழ்ந்த மனுசிக்கு 'தண்டம்' என்ற சொல்லே போதும்.

கடிதத்தை வைத்துக்கொண்டு பென்ஷன் கிரெடிட் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். விசயம் அங்கேதான் இருந்தது. பென்ஷன் கிரெடிட்டில் இரண்டு பகுதி உண்டு. 'கேரன்டி கிரெடிட்' என்பது ஒன்று. அது கிடைத்தால், பல் சிகிச்சை இலவசம். 'சேவிங்ஸ் கிரெடிட்' என்பது மற்றது, 2016 ஏப்ரல் 6க்கு முன்னர் ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கு உரியது. சேவிங்ஸ் கிரெடிட் மட்டும் கிடைத்தால், பல் இலவசமில்லை. மாமாவின் வேலைத்தல ஓய்வூதியத்தில் ஒரு பங்கு மாமிக்கு வருவதால் அவவுக்குக் கிடைத்தது இரண்டாவது மட்டும். கடிதத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பென்ஷன் கிரெடிட் என்றுதான் இருக்கும். எந்தப் பகுதி என்பது உள்ளே கணக்குப் போட்டிருக்கிற தாளில், சின்ன எழுத்தில். உங்கள் வீட்டிலும் ஓய்வூதியம் எடுக்கிற பெரியவர் இருந்தால், இதை வாசித்து முடித்த கையோடு அந்தத் தாளைத் தேடிப் பாருங்கள்.

இந்தத் தண்டத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டாமல் விட்ட தொகையின் ஐந்து மடங்கு, ஆனால் 100 பவுணுக்கு மேல் போகாது. அதோடு கட்டாமல் விட்ட கட்டணத்தையும் கட்ட வேண்டும். கிளினிக்கில் யார் என்ன சொன்னாலும், கையெழுத்து வைத்தவரே பொறுப்பு. 'நான் இலவசத்துக்கு உரியவர்' என்று அறிவிப்பது நோயாளிதான். கிளினிக் அந்தத் தகுதியை உறுதிப்படுத்துவதில்லை. பின்னால் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அகப்படும். இது அநியாயம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆங்கிலம் தெரியாத ஒரு வயோதிபர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காட்டிய இடத்தில்தான் கையெழுத்து வைப்பார்.

ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. தான் தவறான முறையில் நடக்கவில்லை, கவனக்குறைவாகவும் நடக்கவில்லை என்று நோயாளி காட்டினால் தண்டம் கட்டத் தேவையில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பென்ஷன் கிரெடிட் கடிதத்தை மறைக்காமல் மேசையில் கொடுத்தது, கிளினிக் அதைக் கொப்பி எடுத்து வைத்திருப்பது, அங்கே சொன்னதை நம்பித்தான் அடையாளம் போட்டது, மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதது, இவ்வளவையும் நடந்த ஒழுங்கில், கெஞ்சாமல் எழுதினேன். கிளினிக்கிடம் அந்தக் கொப்பி தங்கள் கோப்பில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வாங்கி இணைத்தேன். அவர்கள் முதலில் இழுத்தடித்தார்கள். நேரில் போய் நின்றபோது மனேஜர் தந்துவிட்டார். தண்டம் விடப்பட்டது. 326.70 பவுண் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்றார்கள், கட்டினோம்.

கட்டியதோடு நான் விடவில்லை. குறைந்த வருமானக்காரருக்கு என்.எச்.எஸ்ஸில் தனியாக ஒரு உதவித் திட்டம் இருக்கிறது. பெனிபிட் எதுவும் எடுக்காதவரும், எடுத்தும் இலவசத்துக்குள் வராதவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். எச்.சி.1 என்கிற படிவம். வருமானம், வாடகை, கவுன்சில் வரி, சேமிப்பு எல்லாம் எழுத வேண்டும். குடியிருக்கிற சொந்த வீடு கணக்கில் வராது. சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் கிடைக்காது, முதியோர் இல்லத்தில் நிரந்தரமாக இருப்பவருக்கு அந்த எல்லை 23,250. முழு உதவி கிடைத்தால் எச்.சி.2 சான்றிதழ் வரும், பல் சிகிச்சை முழுக்க இலவசம். பகுதி உதவி என்றால் எச்.சி.3, அதிகபட்சம் எவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். சான்றிதழில் முடிவுத் திகதி உண்டு, அதற்கு முன்னர் புதுப்பிக்க வேண்டும்.

ஏற்கனவே கட்டிய காசைத் திரும்பக் கேட்கவும் முடியும். அதற்கு எச்.சி.5 என்று வேறு படிவம், பல்லுக்கென்றே தனியாக ஒன்று உண்டு. காசு கட்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். கையில் சான்றிதழ் இல்லை என்றால் எச்.சி.1ஐயும் கூடவே நிரப்பி அனுப்பலாம். மாமிக்கு அப்படித்தான் இரண்டையும் ஒரே கவரில் போட்டு, ரசீதையும் வைத்து அனுப்பினேன். எச்.சி.3 வந்தது. கட்டியதில் ஒரு பங்கு திரும்பிக் கணக்கில் விழுந்தது. அந்த ரசீது இல்லையென்றால் ஒன்றும் நடந்திருக்காது. பல் கிளினிக்கில் கார்ட் துண்டு மட்டும் தந்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். என்.எச்.எஸ் கட்டணம் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மாமியின் கதை கோயிலில் நாலு பேரிடம் போனபிறகு, ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் எங்கள் ஆட்களிடையே எத்தனை பிழையான நம்பிக்கை ஓடுகிறது என்று தெரிந்தது. அறுபது வயதானால் எல்லாம் இலவசம் என்பது முதலாவது. இங்கிலாந்தில் அறுபதுக்குப் பிறகு மருந்துச்சீட்டு இலவசம், கண் பரிசோதனை இலவசம். பல் இல்லை. வயதை மட்டும் காட்டி ஒரு முதியவரும் இலவசமாகப் பல் பார்க்க முடியாது. இரண்டாவது, நீரிழிவு. சுகர் உள்ளவர்களுக்கு மருந்து இலவசம் என்று ஒரு அட்டை கொடுப்பார்கள். எங்கள் சனத்தில் எத்தனை பேரின் பேர்சில் அந்த அட்டை இருக்கிறது. அது மருந்துக்கு மட்டும்தான். பல் கிளினிக்கில் அதைக் காட்டி அடையாளம் போட்டால், மாமிக்கு வந்த கடிதம்தான் உங்களுக்கும் வரும். எனக்கு இதில்தான் பெரிய ஆதங்கம். சுகர் இருந்தால் முரசு வருத்தம் கூடும், முரசு வருத்தம் கூடினால் சுகரைக் கட்டுப்படுத்துவது கடினம். பல்லை அடிக்கடி காட்ட வேண்டியவர்களே காசுக்குப் பயந்து காட்டாமல் விடுகிறார்கள்.

யூனிவர்சல் கிரெடிட் (வேலை செய்கிற வயதில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவிப்பணம்) எடுப்பவர்கள் எல்லோருக்கும் இலவசம் என்பதும் சரியில்லை. கடைசி மதிப்பீட்டு மாதத்தில் கைக்கு வந்த சம்பளம் 435 பவுணோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். பிள்ளைக்கான பகுதி சேர்ந்திருந்தால், அல்லது வேலைசெய்ய இயலாமைக்கான பகுதி இருந்தால், அந்த எல்லை 935. சேர்ந்து விண்ணப்பித்த புருசன் பெண்சாதி என்றால் இருவர் சம்பளத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஒரு தம்பி கடையில் வேலை, கிறிஸ்மஸ் மாதத்தில் கூடுதல் மணித்தியாலம் செய்தார். அந்த மாதத்துக் கணக்கு எல்லையைத் தாண்டிவிட்டது. அடுத்த கிழமையே பல்லு அடைக்கப் போகவிருந்தார். மேசையில் அடையாளம் போடுவதற்கு முன்னர் அந்த மாதத்து ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்ததால் தப்பினார். யார் யாருக்கு இலவசம் என்று பார்க்க என்.எச்.எஸ் பிஸ்னஸ் சேர்விசஸ் ஒதோரிட்டியின் இணையத்தளத்தில் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற ஒரு பக்கம் உண்டு. போனிலேயே சில நிமிடத்தில் முடியும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், முழுநேரம் படிக்கிற பத்தொன்பதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஒரு வருசத்துக்குள் இருப்பவர்கள், இவர்களுக்குக் கேள்வியே இல்லை, இலவசம். கர்ப்பிணிகள் மிட்வைஃபிடம் கேட்டு அந்தச் சான்றிதழை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சிகிச்சை தொடங்குகிற நாளில் உங்களுக்குத் தகுதி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பத்து மாதமானபோது, இரண்டு பல்லை அடைக்க வேண்டும், ஒன்றுக்கு கிரவுண் போட வேண்டும் என்றார்கள். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு செய்வம்" என்று தள்ளிப்போடப் பார்த்தாள். நான் நின்று பிடித்து உடனே தொடங்க வைத்தேன். முடிக்கும்போது பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. அவள் ஒரு சதமும் கட்டவில்லை.

இனி என் பல்லின் கதை. வலப்பக்கக் கடைவாய்ப் பல்லொன்று பழைய அடைப்போடு வெடித்துப் போனது. டொக்டர் பார்த்துவிட்டு, வேர்ச் சிகிச்சை செய்து கிரவுண் போட வேண்டும் என்றார். அடுத்த மூச்சிலேயே பிரைவேட்டாகச் செய்தால் எவ்வளவு என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். என்.எச்.எஸ் என்றால் அந்தப் பல்லைப் பிடுங்குவதுதான் வழி என்கிற மாதிரிக் கதை போனது. நான் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியும் என்று மருத்துவ ரீதியாக நீங்கள் நினைக்கிறீர்களா?" ஆம் என்றார். "அப்படியென்றால் அதை என்.எச்.எஸ்ஸில் செய்து தரும் திட்டத்தை எழுத்தில் தாருங்கள்." கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தார். பிறகு அச்சடித்துத் தந்தார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் படிச் சிகிச்சைக்கும், என்.எச்.எஸ்ஸும் பிரைவேட்டும் கலந்து செய்யும் சிகிச்சைக்கும் எழுத்தில் ஒரு சிகிச்சைத் திட்டம் தர வேண்டும். நாங்கள் கேட்காவிட்டால் பல இடங்களில் அது வெளியில் வருவதே இல்லை. எனக்குத் தந்த தாளில் ஒரு பக்கம் என்.எச்.எஸ்ஸில் செய்வது, மறுபக்கம் பிரைவேட்டாக முன்வைப்பது, கீழே தொகை. என்.எச்.எஸ் பக்கத்தில் வேர்ச் சிகிச்சை, கிரவுண். பிரைவேட் பக்கத்தில் நான் கேட்காத ஒன்று எழுதியிருந்தது: ஹைஜீனிஸ்டிடம் பல் சுத்தம் செய்வது. ஏன் என்று கேட்டேன். "முரசில் காரை படிந்திருக்கிறது, எடுக்க வேண்டும்" என்றார். தேவை என்று நீங்களே சொல்கிற சுத்தம் என்.எச்.எஸ் கட்டணத்துக்குள் அடங்கியதுதானே என்றேன். பேனாவால் அந்த வரியை வெட்டிவிட்டு, இந்தப் பக்கத்தில் எழுதினார். பல்லை வெள்ளையாக்குவது, அழகுக்காகச் செய்வது என்.எச்.எஸ்ஸில் இல்லை, அது நியாயம். முரசு வருத்தத்துக்குத் தேவையான சுத்தம் அப்படியில்லை. என்.எச்.எஸ் வேலை தரம் குறைந்தது என்று சொல்லிப் பிரைவேட்டுக்குத் தள்ளவும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

வேர்ச் சிகிச்சை முடிந்த அன்று ரிசெப்ஷனில் 75.30 எடுத்தார்கள். கிரவுண் போட வந்த அன்று 326.70 கேட்டார்கள். நான் அந்தத் தாளை விரித்து வைத்தேன். இரண்டும் ஒரே திட்டத்தில், ஒரே திகதியில், ஒரே கையெழுத்தின் கீழ் இருந்தன. ஒரே சிகிச்சை, மேல் படிக் கட்டணம் ஒன்றுதான். முதலில் எடுத்த 75.30ஐக் கழித்து 251.40 மட்டும் எடுத்தார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் நடந்தார், கணினி அப்படிக் காட்டுகிறது என்றார். தாள் இல்லாவிட்டால் என் வாயால் அதை நிரூபித்திருக்க முடியாது. கத்தவும் தேவையில்லை, சண்டை பிடிக்கவும் தேவையில்லை. "இது ஒரே கோர்ஸ் ஒஃப் ட்ரீட்மென்ட்தானே?" என்ற ஒரு கேள்வியை மட்டும் பாடமாக்கி வைத்திருங்கள்.

பல் டொக்டர்மார் எல்லோரும் காசுக்கு அலைபவர்கள் என்று நான் எழுத வரவில்லை. அவர்களுக்குக் கிடைக்கிற கணக்கும் ஒரு விசித்திரம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசாங்கம் இத்தனை அலகு என்று கணக்கிட்டுக் கொடுக்கிறது. 2006இல் இருந்து ஒரு பல் அடைத்தாலும் ஆறு பல் அடைத்தாலும் மூன்று அலகுதான். 2022 நவம்பரில்தான் கூடுதலான பல்லுக்கும், கொடுப்புப் பல்லின் வேர்ச் சிகிச்சைக்கும் கூட்டிக் கொடுத்தார்கள். நேரம் பிடிக்கிற வேலையை என்.எச்.எஸ்ஸில் செய்ய அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இதில் இருக்கிறது. அதற்காக, நோயாளிக்கு உரிய திட்டத்தை எழுத்தில் கொடுக்காமல் விட முடியாது.

வேலை முடிந்த பிறகும் சில உரிமைகள் தொடரும். ஒரு சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்குள் அதே படியிலோ அதற்குக் கீழேயோ இன்னொரு வேலை வந்தால் திரும்பக் கட்டத் தேவையில்லை. என்.எச்.எஸ்ஸில் அடைத்த பல், வேர்ச் சிகிச்சை, கிரவுண் ஒரு வருசத்துக்குள் பழுதானால் அதே கிளினிக்கில் காசில்லாமல் சரிசெய்து தர வேண்டும். அது தற்காலிகம்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ மட்டும் கதை வேறு. கட்டுப்பல் உடைந்தால் திருத்துவது இலவசம். தொலைத்துவிட்டால் புதிதாகச் செய்ய மூன்றாம் படிக் கட்டணத்தில் 30 வீதம் கட்ட வேண்டும். அப்பொயின்ட்மென்டுக்குப் போகாமல் விட்டால் என்.எச்.எஸ்ஸில் அதற்குக் காசு அறவிட முடியாது. ஆனால் உங்களை இனி எடுக்கமாட்டோம் என்று சொல்லலாம், இப்போதிருக்கிற நிலையில் அது காசைவிடப் பெரிய தண்டனை.

ஊரிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அறையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருந்தார், மாஸ்டர்ஸ் மாணவர். விசாவோடு சுகாதாரக் கட்டணம் என்று வருசத்துக்கு 776 பவுண் கட்டித்தான் வந்திருந்தார். அதைக் கட்டிவிட்டதால் பல்லும் அதற்குள் அடங்கும் என்று நினைத்தார். அடங்காது. என்.எச்.எஸ் பல் டொக்டரிடம் போகிற உரிமை உண்டு, கட்டணம் எல்லோரையும் போலத்தான். ஒரு நாள் இரவு "அக்கா, பல் வலி தாங்க முடியலை, காதுவரைக்கும் குத்துது" என்று கதவைத் தட்டினார். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பரசிட்டமோல் போட்டுக்கொண்டு, செமஸ்டர் முடிந்து சென்னைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்திருக்கிறார்.

நான் உடனே என்.எச்.எஸ்ஸின் ஆலோசனைத் தொலைபேசி எண்ணான 111க்கு அடிக்கச் சொன்னேன். மறுநாள் ஒரு கிளினிக்கில் அவசர நேரம் கொடுத்தார்கள். அவசரச் சிகிச்சைக்கு முதல் படிக் கட்டணம்தான், அப்போது 27.40 பவுண். நோவை நிறுத்துவது, தற்காலிக அடைப்பு, தேவைப்பட்டால் அந்தப் பல்லைப் பிடுங்குவதுகூட அதற்குள் வரும். பிறகு முழுமையாகச் செய்ய வேண்டியதற்கு வேறு கட்டணம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு எச்.சி.1 படிவமும் நிரப்பினோம். பகுதிநேர வேலையில் வருகிற காசும், கொண்டுவந்த கடன்காசில் மிச்சமும் எவ்வளவு என்று நேர்மையாக எழுதினார். வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். வீக்கம் கண்ணுப் பக்கம் ஏறினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் 111க்கும் காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவான ஏ அண்ட் ஈக்குப் போங்கள்.

இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்) போன்ற பெரிய வேலைகளுக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், என்.எச்.எஸ்ஸில் அது கிடைப்பதே அரிது. சூத்தையையும் வீக்கத்தையும் ஆறு மாதம் பொத்தி வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நான் எழுதிய கட்டணமெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்தில் பரிசோதனை எல்லோருக்கும் இலவசம், இருபத்தாறு வயதுக்குக் கீழே சிகிச்சையும் இலவசம், மற்றவர்கள் செலவில் 80 வீதம், அதுவும் 384 பவுணுக்கு மேல் போகாமல். வேல்சில் வேறு. கிளாஸ்கோவில் இருக்கிற அண்ணன் சொன்னதை வைத்து லண்டனில் அடையாளம் போடாதீர்கள்.

கட்டணம் தெரிந்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். 2024 பெப்ரவரியில் பிரிஸ்டலில் சென்ட் போல்ஸ் பகுதியில் ஒரு கிளினிக் என்.எச்.எஸ் நோயாளிகளை எடுக்கத் தொடங்கியபோது தெரு நீளத்துக்கு வரிசை நின்றது, பொலிஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. ஆனால் ஜீ.பீயைப் போலப் பல் டொக்டருக்கு இந்தப் பகுதி என்ற எல்லை இல்லை. நீங்கள் ஹரோவில் இருந்துகொண்டு லூட்டனில் காட்டலாம். என்.எச்.எஸ் இணையத்தளத்தில் புதிய நோயாளிகளை எடுக்கவில்லை என்று போட்டிருந்தாலும் நேரே போன் எடுத்துக் கேளுங்கள், அந்தப் பக்கங்கள் பல காலமாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். கேட்கும்போது "டென்டிஸ்ட் இருக்கிறாரா" என்று பொதுவாகக் கேட்டால் பிரைவேட் நேரத்தைத் தந்துவிடுவார்கள். "வயது வந்த ஒருவருக்கு என்.எச்.எஸ் நேரம் வேண்டும், இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் போடுங்கள், யாராவது வராமல் விட்டால் உடனே அழையுங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள், பெரியவர்களை எடுக்காத இடங்களும் பிள்ளைகளை எடுக்கும். நாங்கள் சின்ன மகனைச் சேர்த்த கிளினிக்கில்தான் அடுத்த வசந்தத்தில் எனக்கும் இடம் கிடைத்தது.